வாயாடியின் கடைசி வாய்

காக்காய் வராது என்று சுலோச்சனாவுக்குத் தெரியும். தெரிந்தும், வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோற்றை ஏந்திக்கொண்டு மூன்றாம் மாடி பால்கனியில் நின்றாள். நின்றுதானே ஆக வேண்டும், புரட்டாசி அமாவாசையாயிற்றே. கோயமுத்தூர்க் காக்காய்களுக்கெல்லாம் இன்றைக்குக் கல்யாண விருந்து. தெருவில் மதிலுக்கு மதில் இலை போட்டிருக்கிறது, எந்த வீட்டுக்குப் போவது எந்த வீட்டை விடுவது என்று அவை தடுமாறுகிற நாள். இந்த பால்கனிக்கு மட்டும் வராது. புறா வந்து அசிங்கம் பண்ணுகிறது என்று குடியிருப்புச் சங்கத்தார் எல்லா பால்கனிக்கும் நைலான் வலை அடித்துவிட்டார்கள்; புறாவை நிறுத்துகிற வலை காக்காயை மட்டும் உள்ளே விடுமா? மொட்டை மாடிக்குப் போனால் பூட்டு. கீழே மதிலில் வைத்தால் தரைத்தளத்து அம்மாள் தன் காரின்மேல் எச்சம் விழுகிறதென்று சண்டைக்கு வருகிறாள். மனுஷர் குடியிருக்கப் பெட்டி பெட்டியாகக் கட்டினவர்கள், அதே மனுஷர் செத்த பிறகு எந்த வழியாக வந்து சாப்பிடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை. சோறு இன்னும் சுடுகிறது, இலையைத் தாண்டி உள்ளங்கையில் சுடுகிறது. அரிசியும் பருப்பும், வெங்காயம் பூண்டு போடாமல், மேலே நெய் விட்டு. படையல் சோற்றை ருசி பார்க்கக் கூடாது, ஆகவே எப்படி வந்திருக்கிறதென்று அவளுக்கே தெரியாது; மணம் நன்றாகத்தான் இருக்கிறது. காக்காய் தொட்ட பிறகுதான் வீட்டார் சாப்பிட வேண்டும். வீட்டார் என்றால் இப்போது அவள் ஒருத்திதான். முன்பெல்லாம் காக்காய் கொத்திய மறு நிமிஷம் அவள் புருஷன் நாச்சிமுத்து இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதல் கவளத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி, பெரிய நீதிபதி மாதிரி ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, "அம்மிணி, உப்பு ஒரு கல்லு பத்தல" என்றோ, "இன்னிக்கு எல்லாஞ் செரியா நிக்குது" என்றோ தீர்ப்புச் சொல்வார். அதன் பிறகுதான் அவள் தனக்குப் பரிமாறிக்கொள்வாள். முப்பது வருஷத்துக்கு மேல் அவள் சமையலுக்கு நாக்கு அவருடையதாகவே இருந்துவிட்டது. போன கார்த்திகையில் அவர் போனார். அதற்கடுத்த அமாவாசைக்கு இதே இடத்தில் நின்று கா கா என்று கூப்பிட்டாள். ஒரு காக்காய் வந்தது, அதுதான் கொடுமை; வராமலே இருந்திருக்கலாம். வலைக்கு வெளியே கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, வலைக் கண்ணிக்குள் அலகை விட்டுப் பார்த்தது. எட்டவில்லை. அவள் கண்ணி வழியாகச் சோற்றை வெளியே தள்ளினாள், அது நேரே கீழே போய் அந்த அம்மாளின் காரின்மேல் விழுந்தது. காக்காய் பறந்துவிட்டது. அந்தச் சாய்ந்த தலை இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அன்றைக்குத்தான் வாயாடியின் வாய் திறந்திருந்தது அவள் கண்ணில் பட்டது. வாயாடி என்பது ஒரு செடி; பெயர் வைத்தவர் நாச்சிமுத்து. நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர், மலை மலையாக அளவுச் சங்கிலி பிடித்து அலைந்தவர். வால்பாறைக்கு மேலே ஒரு சதுப்பில் கால் புதைந்து நின்றபோது இது அவர் கணுக்காலைப் பிடித்ததாம், பிடித்த மரியாதைக்கு வேரோடு பெயர்த்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தார். ஊரில் மற்ற ஆம்பிளைகள் மலைக்குப் போனால் தேன் கொண்டுவருவார்கள், ஏலக்காய் கொண்டுவருவார்கள்; இவர் கொண்டுவந்தது ஈ தின்கிற செடி. அதற்குத் தண்டு கிடையாது. மண்ணிலிருந்து நேராக இலைகள் கிளம்பும், ஒவ்வொரு இலையும் நுனியில் குழிந்து, தண்ணீர் குடிக்கக் குவித்த உள்ளங்கை அளவுக்கு ஒரு வாயாகிவிடும். கீழுதடு தடித்துச் சிவந்திருக்கும். விடியும்போது அதில் ஒரு சொட்டு ஊறி நிற்கும், கனிந்த பலாவின் வாசனையோடு. மேலே மெல்லிய மூடி ஒன்று, கண் இமைபோல. ஈ வரும், சொட்டை நக்கும், இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறாற்போல் இருக்கிறதே என்று ஒரு அடி எடுத்து வைக்கும். உள்ளே வெள்ளை ரோமங்கள் எல்லாம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இறங்குவது சுகம், ஏறுவது நடவாது. ஏறப் பார்த்துக் காலை உதறும்போதுதான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாயாடிக்கே தெரியும். அப்போது மூடி இறங்கும். படக்கென்று அல்ல. மத்தியானச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தவருக்குக் கண் செருகுமே, அப்படி. அதன் பிறகு உள்ளே புளித்த நீர் சுரக்கும். சில நாளில் வாய் திறக்கும்போது இறக்கை மட்டும் கிடக்கும், காற்றடித்தால் அதுவும் போய்விடும். நன்றாகத் தின்ற வாய் தன் காலம் முடிந்து கறுத்துக் காயும், நடுவிலிருந்து புதிதாக ஒரு வாய் சுருண்டு கிளம்பும். இதையெல்லாம் அவர் பிள்ளை வளர்க்கிற பெருமையோடு சொல்வார். பிள்ளை இல்லாத வீடு, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவளும் கேட்பாள், ஆனால் சும்மா கேட்க மாட்டாள். "கூப்புட்டு வெச்சுக் கொல்றது ஒரு பொழப்புங்களா?" என்பாள். "கூப்புடறதோட அது வேல முடிஞ்சுது, அம்மிணி. வாறது அவங்கவங்க இஷ்டம்" என்பார். "நல்ல ஞாயமுங்க. அந்த ஈகிட்டப் போய்ச் சொல்லுங்க." வாசல்படிக்கு வெளியே, லிஃப்டுக்கு எதிரே, அவள் தினமும் பச்சரிசி மாவில் சின்னதாக ஒரு கோலம் போடுவாள், நாலு எறும்பு தின்றால் புண்ணியம் என்று. அவரோ தீப்பெட்டியோடு வந்து குந்தி, அந்தக் கோலத்துக்கு வந்த கட்டெறும்பைப் பிடித்துக்கொண்டு போய் வாயாடிக்குப் போடுவார். அவள் விருந்துக்கு அழைத்ததை அவர் வெட்டுக்குக் கொண்டுபோவார். கொலகாரப் புருஷனும் கொலகாரச் செடியும் என்று அவள் திட்டாத நாள் கிடையாது, திட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருமுறைகூட அந்த மூடி இறங்குவதை அவர் இருக்கும்போது அவள் நின்று பார்த்ததில்லை.

வாய். எங்கே சுற்றினாலும் நினைப்பு அங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளில் முந்தானை மாட்டின மாதிரி. எடுத்தால் கிழிகிறது, விட்டால் நகர முடியவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, கால் போயிற்று, பேச்சு போயிற்று, எல்லாவற்றுக்கும் மேலே விழுங்குவது போயிற்று. மூக்கு வழியாக ஒரு குழாய், அதில் கஞ்சித் தண்ணீர். "வாய் வழியா ஒரு பருக்கைகூடக் குடுத்துறாதீங்கம்மா. மூச்சுக்குழல்ல போயிரும். அப்பறம் எங்க கையில ஒண்ணுமில்ல" என்று அந்த டாக்டர் பொண்ணு சொன்னாள், நல்ல பொண்ணு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சரி என்று சுலோச்சனா தலையாட்டினாள். அவள் தலையாட்டியதைக் கட்டிலில் கிடந்த மனுஷன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் போனபோதெல்லாம் அவர் வாயைத் திறந்தார். பேச அல்ல. பேச வரவில்லை என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. சும்மா திறந்தார், திறந்தபடி அவள் கையைப் பார்த்தார். சாப்பாட்டுப் பிரியர். ஒரு வேளைச் சோறு தாமதமானால் வீட்டையே இரண்டாக்குகிற ஆள். அவர் மூக்கில் வாசனை படக் கூடாதென்று அவள் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வராந்தாக் கோடிக்குப் போய், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவாள். நின்றபடி சாப்பிட்ட அந்தச் சோறு ருசியாக இருந்தது. அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பசித்தது, தின்றாள், ருசித்தது, உள்ளே ஒரு மனுஷன் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறார். கையை எத்தனை முறை கழுவிவிட்டு வந்தாலும் அவருக்கு மணம் தெரிந்துவிடும். விரல்களைப் பார்ப்பார், வாயைத் திறப்பார். "பொறுங்க, டாக்டர் சொன்னதும் குடுக்கறனுங்க" என்று தினமும் ஒரே பொய். கடைசி நாள் சாயங்காலம் உதடு வெடித்திருந்ததென்று பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தடவினாள். பஞ்சு நழுவி விழுந்தது, விரல் மட்டும் அவர் உதட்டில் இருந்தது. அப்போது அந்த வாய் மூடியது. மெதுவாக, விரலைச் சுற்றி. கடிக்கவில்லை, சப்பவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணும் மூடியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது, நர்ஸ் வந்து, "என்னம்மா, வாய்க்குள்ள என்ன குடுக்கறீங்க?" என்று அதட்டியபோது, திருடி மாதிரி வெடுக்கென்று விரலை உருவிக்கொண்டாள். வாய் திரும்பத் திறந்தது. மறுநாள் விடியும் முன் அவர் போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் சொந்தம் எல்லாம் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டது. பங்காளி போட்டான், மச்சான் போட்டான், பத்து வருஷமாகப் பேசாதவன்கூட வந்து போட்டான். உயிரோடு கேட்டபோது ஒரு பருக்கை போகாத வாயில், கேட்காதபோது ஊரே அள்ளி அள்ளிப் போட்டது. அவளும் போட்டாள். அந்த வாய் மூடவில்லை. மேலே போட்ட அரிசி கன்னத்தில் வழிந்தது.

அதனால்தான். வேறே எதனால்? காக்காய் பறந்துபோன அந்த அமாவாசையில், மிச்சச் சோறு விரலில் ஒட்டியிருக்க, பக்கத்துத் தொட்டியில் வாயாடி வாயைத் திறந்துகொண்டு நின்றது. எதிரே நிற்கிறவள் யார், கையில் என்ன என்று பார்க்கிற மாதிரியே நின்றது. அவள் யோசிக்கவில்லை. ஒரு சின்னக் கவளமாக உருட்டி உள்ளே வைத்தாள். மூடி இறங்கியது. மெதுவாக, செருகுகிற கண்ணாக. ஐயோ, அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை, மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து கதவைத் தட்டினார்கள். சாப்பிட்டுவிட்டார். வாங்கிக்கொண்டார். காக்காய் வழி அடைத்தால் என்ன, அவர் கொண்டுவந்த செடி வழியாகவே வந்துவிட்டார். ரோசக்கார மனுஷன், எந்த வழியிலும் வருவார். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். அமாவாசைக்கு அமாவாசை ஒரு வாய், ஒரு கவளம். அது மூடுகிறவரை பார்த்திருந்துவிட்டு உள்ளே போய் நிம்மதியாகச் சாப்பிடுவாள். சோறு வாங்கிய வாய் சில நாளில் கறுக்கும். தின்ற வாய் கறுக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே, வயிறு நிறைந்தது என்று எடுத்துக்கொண்டாள். புது வாய் கிளம்பவில்லை என்பது மட்டும் ஆடியில்தான் உறுத்தியது. ஆவணியில் இன்னும் உறுத்தியது. இன்றைக்குக் காலையில் பார்க்கிறாள், ஒன்றே ஒன்று மிச்சம். மற்றதெல்லாம் நனைந்த தோல் செருப்புபோல் சுருண்டு, கிட்டே போனால் புளித்த வாடை.

காலையில் திருமூர்த்தி போன் பண்ணியிருக்காவிட்டால் அதற்கும் அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்திருப்பாள். திருமூர்த்தி அவருக்குக் கீழே சங்கிலி பிடித்த ஆள், வாயாடி கணுக்காலைப் பிடித்த அன்று கூடவே நின்றவன், இப்போது பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் பார்க்கிறான். அமாவாசையும் அதுவுமாக அக்காள் ஒண்டியாக இருப்பாளே என்று கூப்பிட்டான். அவள்தான் வாயை விட்டாள், தவளை தன் வாயால் கெட்டாற்போல. செடி கறுத்துக்கொண்டே வருது திருமூர்த்தி, ஏன்னு தெரியல என்றாள். தண்ணி என்ன ஊத்தறீங்க, வெயில் படுதுங்களா என்று வரிசையாகக் கேட்டான். "சோறு மட்டும் அமாவாசைக்கு அமாவாசை வெக்கறேன்" என்றாள்.

"அக்கா. சோறா வெச்சீங்க?"

"ஏன், அது மூடுச்சே! வாங்கிக்குச்சே!"

"சோத்துக்கு மூடாதுங்கக்கா. அசையறது எதுவோ அதுக்குத்தான் மூடும். சோறு எங்கீங்க அசையுது? வெக்கும்போது உங்க வெரலு பட்டிருக்கும். உங்க வெரலுக்குத்தான் மூடியிருக்கும்."

அவனும் பாவம், நல்லது செய்கிறதாக நினைத்துக்கொண்டு மேலே மேலே சொன்னான். சோறு உள்ளே கிடந்து புளித்து அழுகியிருக்கும், அழுகல் வேருக்கு இறங்கியிருக்கும். ஒரு வாய் மிச்சம் இருக்கிறதா? அப்படியென்றால் இன்றைக்கே அதற்கு ஒரு ஈயோ எறும்போ கிடைக்க வேண்டும். அது நன்றாகத் தின்றால்தான் நடுவில் குருத்து வரும், இல்லாவிட்டால் செடி இத்தோடு சரி. "என்றெ வூட்ல இருந்த கன்னு போன மழைக்கே போயிருச்சுங்க. அந்தச் சதுப்பும் இப்ப இல்ல, ரோடாயிருச்சு. அண்ணன் கொண்டுவந்ததுல இது ஒண்ணுதான் மிச்சம்." பிறகு, போனை வைக்கப் போகிறவன் திரும்ப எடுத்து, "வெரலு மட்டும் உட்டுறாதீங்கக்கா. ஒருக்கா மூடித் தொறக்கறதுக்கே அதுக்கு அத்தன தெம்பு வேணும். சும்மா மூட வெச்சீங்கன்னா அதோட போயிரும்" என்றான்.

உங்க விரலுக்குத்தான் மூடியிருக்கும். பருப்பைக் கழுவும்போது அதுதான் ஓடியது, அரிசியைக் களையும்போது அதுதான், குக்கரை ஏற்றி இறக்கும்போதும் அதுதான். அப்படியானால் இத்தனை அமாவாசையும் அவர் சாப்பிடவில்லை. ஒரு பருக்கையும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலும் பட்டினி, செத்தும் பட்டினி, அவள் மட்டும் தின்றுகொண்டிருக்கிறாள், வராந்தாவில் நின்றும் தின்றாள், வீட்டில் உட்கார்ந்தும் தின்றாள். இல்லை, அப்படியில்லை, விரலுக்குத்தானே மூடினார்? கட்டிலிலும் விரலுக்குத்தானே மூடினார். ஒருவேளை அவர் கேட்டது சோறே இல்லையோ? அவள் கையைப் பார்த்து வாயைத் திறந்ததெல்லாம் சோற்றுக்கு என்று நினைத்தது அவள்தானோ? நாக்குக்கு அடிமையான மனுஷன், வேறென்ன கேட்பார் என்று முடிவு கட்டியது அவள்தானே? விரலைக் கொடுத்தபோது கண்ணை மூடினாரே, திருப்தியாக இருந்தாரே, அதை ஏன் உருவிக்கொண்டாள்? ஒரு நர்ஸ் அதட்டினால் உருவிக்கொள்வதா? அந்த நர்ஸ் யார், தான் யார்? அங்கே வந்ததும் நினைப்பு நிற்கிறது, உருவுகிறது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இப்போது இந்தக் கடைசி வாய் எதிரே திறந்திருக்கிறது. கீழுதட்டில் இன்றைக்குச் சொட்டுகூட ஊறவில்லை, வெளிறிப்போய் இருக்கிறது, கூப்பிடக்கூடத் தெம்பில்லை. விரலை நீட்டினால் மூடும். மூடிப் பிடித்துக்கொள்ளும். நர்ஸ் வரமாட்டாள், யாரும் அதட்ட மாட்டார்கள், மூன்றாம் மாடி, கதவு சாத்தியிருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டிருக்கலாம். அதோடு போய்விடும். அவர் கொண்டுவந்ததில் கடைசியும் போய்விடும். சோறு கொடுத்தால் அழுகும், விரல் கொடுத்தால் ஓயும். கொடுக்காதே என்று அன்றைக்கு ஒரு டாக்டர் பொண்ணு, கொடுக்காதே என்று இன்றைக்கு ஒரு திருமூர்த்தி. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒரு திறந்த வாய்க்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வேலையை மட்டும் ஒவ்வொரு தடவையும் அவளிடமே கொடுக்கிறார்கள்.

அவள் விரல் நீண்டிருந்தது. எப்போது நீண்டதென்று தெரியவில்லை. உள் ரோமத்துக்கு ஒரு நூல் இடைவெளியில் நின்றது. நெய் பூசிய நுனி வெயிலில் மினுங்கியது. இரண்டாம் வீட்டில் டிவியில் யாரோ சிரித்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு ஒருமுறை சத்தம் போட்டது, அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "இல்லீங்க" என்றாள். "வேண்டாங்க. இப்பக் குடுக்கக் கூடாதுங்க." விரலை மடக்கி, மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள், ஓடப் பார்க்கிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. இந்தத் தடவை யாரும் அதட்டாமலே எடுத்துக்கொண்டாள். அது எளிதாக இல்லை. அன்றைக்காவது ஒரு நர்ஸ்மேல் பழி போட முடிந்தது.

பிறகு இலையைத் தரையில், தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு நெய்ப் பருக்கையை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள். இன்னொன்றை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எதுவும் படாமல், கீழுதட்டின் வெளி ஓரத்தில் ஒட்டினாள். ஊறாத சொட்டுக்குப் பதிலாக. தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சுவர் இடுக்கில் எப்போதும் எறும்பு உண்டு, அவளே கோல மாவு தூவி வளர்த்தவை, அவளை நம்பி வருகிறவை. கூப்பிட்டு வைத்துக் கொல்வது ஒரு பிழைப்பா என்று ஆயிரம் தடவை கேட்டவள் இவள்தான். வராதே, வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தன. முதலில் ஒன்று, அப்புறம் பின்னால் ஒரு வரிசை, இலைச் சோற்றைச் சுற்றிச் சபை கூடிவிட்டது. நன்றாகக் கொழுத்த ஒரு கட்டெறும்பு மட்டும் வரிசையை விட்டு விலகி, தொட்டி ஏறி, விளிம்புப் பருக்கையை முகர்ந்து, அதோடு திருப்திப்படாமல் இலைக் காம்பில் ஏறிற்று. ஊருக்கு ஒருத்தன் இப்படி இருப்பான். சுண்டிவிட்டுக் காப்பாற்றக் கை தானாக எழுந்தது, எறும்புக்குப் பாவம் பார்க்கிற முப்பது வருஷப் பழக்கம். அவள் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எறும்பு உதட்டுக்கு வந்தது, நெய்யை நக்கியது, உள்ளே எட்டிப் பார்த்தது, ஒரு கால் வைத்தது. போயிரு சாமி, இப்பவே போயிரு. போகவில்லை. வழுக்கியது, உதறியது. மூடி இறங்க ஆரம்பித்தது.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. மெதுவாக, செருகுகிற கண்ணாக, அதே இறக்கம், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. எறும்புக்கும் அதேதான். அவள் சோற்றுக்கும் அதேதான். அவருக்கென்று தனியாக ஒரு இறக்கம் அதில் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அது அவரில்லை. அவர் இந்த வழியாக வரவில்லை, எந்த வழியாகவும் வரவில்லை, வர மாட்டார். மூடிக்குள்ளே எறும்பு அசைவது பச்சைத் தோல் வழியாகக் கொஞ்ச நேரம் நிழலாகத் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. கார்த்திகையிலிருந்து இத்தனை மாதமாக அவரைச் செத்துப்போகாமல் வைத்திருந்தது ஒரு கவளம் சோறுதான், அது இப்போது போய்விட்டது. இன்றைக்குத்தான் அவர் செத்தார் என்று அவளுக்குத் தோன்றியது. சத்தமாக அழ வரவில்லை, கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வழிந்தது. செடி பிழைக்கும் போலிருக்கிறது. பிழைக்கட்டும்.

பசித்தது. அதுதான் வயிற்றெரிச்சல், இத்தனைக்கும் நடுவில் பசித்தது, கண் இருட்டுகிற பசி. சாப்பிட வேண்டியது சாப்பிட்டாயிற்று, இனி வீட்டார் சாப்பிடலாம். இலையை மடியில் எடுத்து, எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதி இறக்கிவிட்டு, பால்கனித் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்தாள். வலைக்கு வெளியே எங்கேயோ காக்காய்கள் கத்தின, யார் வீட்டு அப்பனோ யார் வீட்டு ஆத்தாளோ. சோறு ஆறிப்போயிருந்தது. முதல் கவளத்தை உருட்டி வாயில் வைத்து மென்றாள்.

உப்பு இல்லை. ஒரு கல்கூட இல்லை. அந்தப் போன் நினைப்பில் போடவே மறந்திருக்கிறாள். மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணை மூடி ஒரு கணம் சும்மா இருந்தாள், யாராவது சொல்வார்கள் என்பதுபோல. உள்ளே கூடத்தில் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. "உப்பே போடலீங்க" என்று கடைசியில் அவளேதான் சொன்னாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையலறைக்குப் போய், ஜாடியிலிருந்து இரண்டு கல் உப்பை எடுத்துத் தன் சோற்றில் தானே போட்டுக்கொண்டாள்.